மூன்றாவது டம்ளர்

வான்மதி என்ற பெண் கிருத்திக் ஆகிப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், டீ இடைவேளை முடிந்து பிள்ளைகளெல்லாம் வாயைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் லேபுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில். அன்றைக்கும் வெயில் வழக்கம்போல அடித்தது, ஏசி வழக்கம்போல ஓடவில்லை, சாயங்காலம் மஞ்சள் பேருந்துகள் வழக்கம்போல வரிசை கட்டி வாசலைத் தாண்டின, ஒரு பெண்ணின் பேர் உலகத்திலிருந்தே காணாமல் போயிருந்தது என்பதற்காக ஒரு டிரைவர்கூட ஒரு ஹாரன் கூடுதலாக அடிக்கவில்லை.

சுக்கம்பாறை மேட்டில், ஒரு காலத்தில் ஆடு மேய்ந்த கல்லாங்காட்டில் எழும்பிய பொறியியல் கல்லூரி அது. கோழிப்பண்ணையில் சம்பாதித்த சேர்மன், கோழிக்கொட்டாய் கட்டிய அதே கொத்தனாரை வைத்து அதே நீள அகலத்தில் வகுப்பறைகளையும் கட்டியிருந்தார். அந்த வருஷம்தான் டிசைன் என்ஜினியரிங் என்று புதிதாக ஒரு பிரிவைத் திறந்தார்கள். நாற்காலியும் சைக்கிளும் குக்கரும் வரையலாம் என்று ஆசையாக வந்த பிள்ளைகளை முதல் செமஸ்டரிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, புரோகிராம் எழுது என்றார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. எதற்கு என்று சொல்லும் பழக்கமே அந்தக் கல்லூரியில் கிடையாது.

ஆனால் வான்மதிக்கு அந்தப் பாடம் பிடித்துப்போனது. அவள் அப்பா தண்ணி லாரி ஓட்டுகிறவர், அம்மா விசைத்தறியில் நூல் போடுகிறவள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாள்முதல் நீ யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று கேட்ட பிறகே அவளிடம் எல்லோரும் அடுத்த வார்த்தை பேசினார்கள். இந்த மெஷின் மட்டும் அதைக் கேட்கவில்லை. சொன்னதைச் செய்தது, சொல்லாததைச் செய்யவில்லை, பெரிய வீட்டுப் பிள்ளை சொன்னாலும் தப்பைத் தப்பு என்றது. இப்படி ஒரு நியாயஸ்தனை அவள் அதுவரை பார்த்ததில்லை. அந்த நியாயஸ்தன் சொன்னதை மட்டுமே செய்வான் என்பதன் இன்னொரு பக்கம் அவளுக்கு அப்போது தெரியாது.

அந்த லேபில் ஒரு வழக்கம் இருந்தது. சாமி கும்பிடுகிற மாதிரி, காரணம் கேட்காமல் செய்கிற வழக்கம். புரோகிராமை மெஷினில் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே, முந்தின நாள் வீட்டிலேயே, ரெக்கார்டு நோட்டில் நோக்கம், வழிமுறை, புரோகிராம், விடை எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் 'மேற்கண்ட புரோகிராம் வெற்றிகரமாக இயக்கிச் சரிபார்க்கப்பட்டது' என்று அடிக்கோடு போட்டுக் கொண்டுவர வேண்டும். இயக்கவும் இல்லை, சரிபார்க்கவும் இல்லை, வெற்றி மட்டும் வந்துவிடும். லேப் எடுக்கிற பரணீதரன் சார் சிவப்புப் பேனாவில் டிக் அடிப்பார். அதற்குப் பிறகு மெஷினில் ஓட்டினால் என்ன, ஓட்டாவிட்டால் என்ன? பாதி மெஷினில் எலி குடியிருந்தது.

அந்த வரிசையில் மூன்றாவது புரோகிராம், இரண்டு பொருள்களை இடம் மாற்றுவது. ஏ என்று ஒரு டப்பா, பி என்று ஒரு டப்பா. ஏ-யில் இருப்பது பி-க்குப் போக வேண்டும், பி-யில் இருப்பது ஏ-க்கு வர வேண்டும். அதற்கு மூன்றாவதாகக் காலி டப்பா ஒன்று வேண்டும், முதலில் ஏ-யை எடுத்து அதில் பத்திரப்படுத்த வேண்டும் என்று உலகத்தில் உள்ள எல்லாப் புத்தகமும் சொல்லும். சுக்கம்பாறை லேப் மேனுவல் மட்டும் சொல்லாது. ஒரு புரோகிராம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. இந்தப் புரோகிராம் ஒரு வரி பக்கத்தைத் தாண்டி வழிந்தது என்பதால், வேலை வெட்டி இல்லாமல் காலியாகக் கிடக்கிற அந்த மூன்றாவது டப்பா எதற்கு என்று எந்தக் காலத்திலோ யாரோ ஒரு புண்ணியவான் அதை வெட்டிவிட்டிருந்தார். ஏ-யில் பி-யைப் போடு, பி-யில் ஏ-யைப் போடு, முடிந்தது. மிஞ்சியது இரண்டே வரி. வருஷா வருஷம் பிள்ளைகள் அந்த இரண்டு வரியையும் பிழையில்லாமல் பார்த்தெழுதி, வரவே வராத சரியான விடையையும் கீழே எழுதி, டிக் வாங்கிப் பாஸாகி, என்ஜினியராகி, கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளையும் இதே கல்லூரியில் சேர்க்க வந்துவிட்டார்கள். ஒருத்தராவது அதை ஓட்டிப் பார்த்ததில்லை.

முதலாம் ஆண்டு மாணவர் கண்காட்சி நெருங்கியது. பிள்ளைகள் ஆளுக்கொரு மாதிரியைச் செய்து மேஜையில் வைக்க வேண்டும், பம்பு செட்டு தயாரிக்கிற ஒரு முதலாளி வந்து பார்ப்பார், முதல் மேஜையில் இருப்பதைத் தன் பட்டறையில் இரும்பில் செய்து, செய்தவர் பேரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து ஒட்டித் தருவார் என்று ஏற்பாடு. வான்மதி செய்திருந்தது ஒரு சாய்ப்பு வண்டி. மெஸ்ஸில் சாம்பார் அண்டாவைச் சாய்க்கிறபோது கொதிப்பது மேலே சிந்தி அங்கே வேலை செய்கிற பெண்களின் முழங்கையெல்லாம் வெந்திருந்தது. காலால் ஒரு கட்டையை மிதித்தால் அண்டா தானாகச் சாய்கிற மாதிரி அட்டையிலும் சைக்கிள் கம்பியிலும் செய்து வைத்திருந்தாள். எல்லோரும் பார்த்து அதற்குத்தான் முதல் மேஜை என்று கைதட்டி முடிவு செய்திருந்தார்கள். சேர்மனின் தங்கை மகன் கிருத்திக், செல்போன் வைக்க ஒரு ஸ்டாண்டு செய்திருந்தான். அது கடைசி மேஜை. அதுவும் கடையில் வாங்கி ஸ்டிக்கரைப் பிய்த்தது.

செவ்வாய்க்கிழமை பரணீதரன் சார் லேபுக்குள் வந்து, வான்மதியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"ஏம்மா, அந்த மேஜை லிஸ்ட்டு உன்ற மெஷின்லதான இருக்குது? மொதல்ல இருக்கறதையும் கடைசில இருக்கறதையும் மாத்திரு. இன்னிக்கு நம்ம புரோகிராமே அதுதான? பத்து இருபதுன்னு நெம்பர் போடறதுக்குப் பதிலா பேரப் போட்டு ஓட்டு. பாடமும் ஆச்சு, வேலையும் ஆச்சு."

"சார், மொதல்ல இருக்கறது என்ற பேருங்க சார்."

"தெரியுது. மேல இருந்து சொல்றாங்க. நான் என்ன பண்றது? எனக்கும் குடும்பம் இருக்குதில்ல?"

தன் பேரைத் தன் கையாலேயே பின்னால் தள்ளச் சொன்னார்கள் அந்தப் பெண்ணை. கத்தியையும் கொடுத்து, கழுத்தையும் நீயே காட்டு என்கிற மாதிரி. ஆனாலும் அடித்தாள், ஏ-யில் வான்மதி, பி-யில் கிருத்திக், மேனுவலில் இருந்த அதே இரண்டு வரி. கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து அந்த இரண்டு வரியை முதன்முதலாக மெஷினில் ஓட்டியவள் அவள்தான். ஏ-யில் கிருத்திக் வந்து உட்கார்ந்தான், அங்கே இருந்த வான்மதி போக இடமில்லாமல் அழிந்தாள், பிறகு ஏ-யில் இருந்த கிருத்திக் பி-யிலும் போய் உட்கார்ந்தான். திரையில் முதல் மேஜை கிருத்திக், கடைசி மேஜை கிருத்திக் என்று வந்தது. அவள் தலையைத் தூக்கினாள். பரணீதரன் சார் அவளை நேராகப் பார்த்து, இதுவரை அவளிடம் காட்டாத ஒரு பணிவோடு சொன்னார்: "ஆச்சுங்களா கிருத்திக் தம்பி? நீங்க எதுக்குச் சிரமப்படறீங்க, நான் யாரையாவது பண்ணச் சொல்லியிருப்பனே."

யாரும் ஆச்சரியப்படவில்லை. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அவளுக்கு இரட்டைச் சடை அப்படியே இருந்தது, அதே பச்சைச் சுடிதார் இருந்தது, எல்லோர் கண்ணுக்கும் அது தெரிந்தது, ஆனாலும் அவள் கிருத்திக், அந்தப் பக்கம் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனும் கிருத்திக், சேர்மனின் தங்கைக்கு ஒரு மகனுக்கு இரண்டு மகன், அதனால் என்ன, பெரிய இடம், எத்தனை இருந்தாலும் தாங்கும் என்று கல்லூரி அன்றைக்கே பழகிக்கொண்டது. பெண்கள் விடுதி வார்டன் மட்டும் சாயங்காலம் வந்து, கோபித்துக்கொள்ளக் கூடாது தம்பி, இங்கே ஆண்கள் தங்கச் சட்டத்தில் இடமில்லை என்று பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தாள். ஆண்கள் விடுதி வாட்ச்மேன் சடையைப் பார்த்துவிட்டு, உள்ளே விட்டால் என் வேலை போய்விடும் தம்பி என்றான். கடைசியில் விருந்தினர் மாளிகையில் ஏசி போட்ட அறையைத் திறந்துவிட்டார்கள். சேர்மன் வீட்டிலிருந்து கேரியரில் சாப்பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சேர்மனின் தங்கை காரில் வந்து இறங்கி, ஒரு மகனுக்கு முறுக்கு டப்பாவைக் கொடுத்துவிட்டு, இன்னொரு மகனாக நினைத்து இவளுக்கும் ஒன்றைக் கொடுத்துக் கன்னத்தை வழித்து, இளைத்துவிட்டாயே சாமி என்று கண் கலங்கிப் போனாள்.

அவள் தன் பேரைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் கேட்டவர்கள் காதில் கிருத்திக் என்றே விழுந்தது. காகிதத்தில் எழுதினாள், பேனா கிருத்திக் என்று எழுதியது. மெஷினில் ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக் குத்தி அடித்தாள், திரை கிருத்திக் என்று காட்டியது. அப்புறம் அம்மாவுக்குப் போன் செய்தாள். தறிச் சத்தத்துக்கு மேலே அம்மா குரல் கேட்டது.

"யாருங்க? அட, சேர்மன் வீட்டுத் தம்பிங்களா? சொல்லுங்க தம்பி."

"அம்மா, நான்தான்மா."

"ஐயோ, என்னையப் போயி அம்மாங்கறீங்க. உங்களுக்குப் பெரிய மனசுங்க தம்பி."

"அம்மா, உனக்கு ஒரு புள்ள இருக்குதில்ல? யோசிச்சுப் பாருமா."

தறி கொஞ்ச நேரம் நின்றது. "எங்களுக்குப் புள்ளைங்க இல்லீங்க தம்பி," என்றாள் அம்மா. "என்னமோ தெரியல, அஞ்சு நாளா நெஞ்சு அடைச்சாப்ல இருக்குது. சோறு எறங்க மாட்டீங்குது. சரி விடுங்க, அதெல்லாம் உங்ககிட்ட எதுக்கு?"

போனை வைத்தபோது வான்மதிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பெற்றவளை வாங்க போங்க என்று பேச வைத்துவிட்டார்களே. மேஜையைப் பறித்தார்கள், சரி. பேரைப் பறித்தார்கள். ஒரு தாயின் வயிற்றிலிருந்தே வழித்தெடுத்துவிட்டு, அந்தத் தாய்க்குத் தெரியக்கூடாது என்று நெஞ்சடைப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்குக் கூலியாக ஏசியும் முறுக்கும்.

மறுநாள் காலையில் நேராகப் பரணீதரன் சாரிடம் போய் நின்றாள்.

"அதே புரோகிராமை இன்னொரு வாட்டி ஓட்டுங்க தம்பி, திரும்பி வந்துரும்," என்றார் அவர், எழுந்து நின்றுகொண்டு.

அவர் எதிரிலேயே ஓட்டினாள். ஏ-யில் கிருத்திக், பி-யில் கிருத்திக், மாற்றிப் போட்டால் கிருத்திக்கும் கிருத்திக்கும். மறுபடி ஓட்டினாலும் அவர்களேதான்.

"ஏன் சார் வரல?"

"மேனுவல்ல அப்படித்தான் இருக்குது."

"மேனுவல் ஏன் சார் அப்படி இருக்குது?"

அவருக்கு வியர்த்தது. "நான் படிச்சதும் இந்த மேனுவல்தானுங்க தம்பி," என்றார் மெதுவாக. அந்த ஒரு பதிலுக்காகவாவது அவர்மேல் இரக்கம் வந்திருக்கலாம். வரவில்லை. தெரியாததைத் தெரியாது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் ஒருத்தி பிழைத்திருப்பாள்.

மத்தியானம் அவள் கேரியர் சாப்பாட்டைத் தொடாமல் மெஸ்ஸுக்குப் போனாள். பழைய அறைத்தோழி ஜெசிமா அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் பெரிய வீட்டுப் பையன் வந்துவிட்டான் என்று பாதிச் சோற்றோடு எழுந்தாள். வான்மதி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, மேஜையில் இருந்த மோர் டம்ளரையும் ரசம் டம்ளரையும் அவள் முன்னால் நகர்த்தினாள்.

"இதுல இருக்கறத அதுலயும், அதுல இருக்கறத இதுலயும் மாத்து."

ஜெசிமா ஒரு கணம் விழித்துவிட்டு, கையை நீட்டி, பக்கத்து மேஜையில் இருந்த ஒரு காலி டம்ளரை எடுத்து வைத்தாள். மோரை அதில் ஊற்றினாள், ரசத்தை மோர் டம்ளருக்கு மாற்றினாள், அப்புறம் மோரை ரசம் டம்ளருக்கு. "இதுல என்னங்க தம்பி இருக்குது? சின்னப் புள்ளைக்கிக் கூடத் தெரியும்," என்றாள்.

வான்மதி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்காமல் வந்து வந்து கடைசியில் மேஜையில் ஓங்கிக் குத்தியதில் மூன்று டம்ளரும் உருண்டு கீழே விழுந்தன. முதலில் காலி டம்ளரில் எடுத்து வைக்க வேண்டும். அதை யாரும் வைக்கவில்லை. அவளை எடுத்து வைக்க இந்தக் கல்லூரி முழுக்க ஒரு காலி டம்ளர் இல்லை. போனது போனதுதான், அவள் இனி வர மாட்டாள். அது புரிந்த பிறகுதான் கோபம் சூடு தணிந்து, கூர்மையானது.

கண்காட்சிக்கு முந்தின நாள் லேபில் பரணீதரன் சார் டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, வான்மதி எழுந்து வகுப்புக்கு முன்னால் நின்றாள்.

"நாளைக்கு ஒரு நாளைக்கு, கிருத்திக்கா இருக்கறதுக்கு யாருக்கெல்லாம் இஷ்டம்? அட்டெண்டன்ஸ் குறையாது. யாரும் திட்ட மாட்டாங்க. ஏசி ரூம். நாளைக்குச் சாயங்காலம் நானே திருப்பிக் குடுத்துருவேன், சத்தியமா."

பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்குத்தான் கசக்கும்? ஜெசிமா முதலில் கையைத் தூக்கினாள், அப்புறம் வகுப்பே தூக்கியது. நிஜமான கிருத்திக்கும் கையைத் தூக்கி, "எல்லாரும் நானா? செம ஜாலியா இருக்கும்," என்றான். பாவம், அவன் கெட்டவன் இல்லை. அவன் அதுவரை எதையும் தொலைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தடவை வான்மதி மேனுவலைத் திறக்கவே இல்லை. ஒவ்வொருவர் பேருக்கும் தனித்தனியாக ஒரு காலி டப்பா செய்து, முதலில் பேரை அதில் எடுத்துப் பத்திரமாக வைத்தாள், சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்தாள், பிறகுதான் அவரவர் இடத்தில் கிருத்திக்கைப் போட்டாள். தன்னை யாரும் அப்படி வைக்கவில்லை என்று ஒவ்வொரு டப்பாவை மூடுகிறபோதும் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கண்காட்சி அரங்கில் வாழை மரம், பன்னீர், நாதஸ்வரம் எல்லாம் இருந்தன. சேர்மன் பட்டு வேட்டியில் மேடையேறினார், அவர் தங்கை முதல் வரிசையில் உட்கார்ந்தாள், பம்பு செட்டு முதலாளி சாய்ப்பு வண்டியின் கட்டையை மிதித்துப் பார்த்து, அண்டா சாய்ந்ததும் குழந்தை மாதிரி கைதட்டினார். இதைச் செய்த மாணவர் மேடைக்கு வரவும் என்று சேர்மன் மைக்கில் பெருமையாகக் கூப்பிட்டார்: "கிருத்திக்!"

வகுப்பு முழுவதும் எழுந்தது. சடை போட்டவர்கள், மீசை முளைக்காதவர்கள், முக்காடு போட்ட ஜெசிமா, கண்ணாடி போட்டவர்கள், ஊன்றுகோல் வைத்திருந்த ஒருவன், எல்லோரும் எழுந்து ஒருவர் பின்னால் ஒருவராக மேடையேறினார்கள். கடைசியாக ஏறியது நிஜமான கிருத்திக். யாரும் அவனுக்கு வழிவிடவில்லை, எதற்கு விட வேண்டும்? சேர்மன் முதல் ஆளுக்கு மாலை போட்டார், தன் மருமகன்தான், இரண்டாம் ஆளும் மருமகன்தான், மூன்றாம் ஆளும் மருமகன்தான், மாலை தீர்ந்தது. ஒரு மகனையும் இரண்டு மகனையும் தாங்கிய பெரிய இடம், இத்தனை பேரைத் தாங்குமா, பண்ணைகளை இத்தனை பங்கு போட முடியுமா என்று அவர் மனசு கணக்குப் போடத் தொடங்கியபோதுதான் அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. கல்லூரி அதுவரை ஆச்சரியப்படாமலே இருந்தது. முதன்முதலாக ஆச்சரியப்பட்டது அந்த நேரத்தில்தான்.

அவர் தங்கை மேடையேறி ஒவ்வொரு முகமாகக் கையில் ஏந்திப் பார்த்தாள். பெற்ற வயிறு ஒவ்வொரு முகத்துக்கும் ஆமாம் என்றது. எல்லோருக்கும் ஆமாம் என்றால் யாருக்கும் இல்லை என்று அர்த்தம். "இதுல என்ற பையன் எது? யாராவது சொல்லுங்களேன், என்ற பையன் எது?" என்று அவள் மேடையிலேயே உட்கார்ந்து கதறினாள். "அம்மா, நான்தான்மா," என்று நிஜமான கிருத்திக் அவள் தோளைத் தொட்டான். "ஆமா சாமி, நீயும்தான்," என்று அவள் இன்னும் உரக்க அழுதாள். அவன் முகம் அப்போதுதான் பயத்தில் கோணியது.

வான்மதி மைக்கை எடுத்தாள்.

"நீங்களாச்சும் எதுன்னு கேக்கறீங்க. எங்கம்மாவுக்குக் கேக்கறதுக்கே ஒண்ணும் மிச்சம் வெக்கல. என்னையத் தம்பிங்கறாங்க, வாங்க போங்கங்கறாங்க." குரல் உடைந்தது, சரி செய்துகொள்ளவில்லை. "எல்லாரையும் நான் திருப்பிக் குடுக்கறேன். அதுக்கு முன்னாடி அய்யா ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்லோணும். இந்த வண்டிய யாரு செஞ்சது?"

"கிருத்திக்," என்றார் சேர்மன்.

"எந்தக் கிருத்திக்?"

அவர் வரிசையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஒரே பேர் இப்போது எல்லோருக்கும் இருந்தது, அதனால் அது யாருக்கும் உதவவில்லை. வேறு வழியில்லாமல், அந்தக் கல்லூரிக்குச் சொந்தக்காரரான பிறகு முதன்முதலாக, ஒரு மாணவியின் முகத்தை நிதானமாகப் பார்த்து, விரலை நீட்டினார்.

"இந்தப் புள்ள."

"மேஜைய மாத்தச் சொன்னது யாரு?"

நாதஸ்வரக்காரர்கூட வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டார். "நான்தான்," என்றார் சேர்மன். மைக்கில் சொன்னதால் அரங்கத்துக்குப் பின்னால் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது.

அவள் மேடையில் இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஜெசிமா ஜெசிமா ஆனாள், முதலில் அவள் செய்தது ஓடிவந்து வான்மதியின் தோளில் ஓங்கி அடித்தது. ஒவ்வொருவராகத் தங்கள் பேருக்குள் திரும்பி, மூச்சு விட்டு, கீழே இறங்கிப் பெற்றோரிடம் போனார்கள். கடைசியில் இரண்டு கிருத்திக் மிஞ்சினார்கள். சேர்மனின் தங்கை ஒருவனை இறுகக் கட்டிக்கொண்டு, இன்னொரு கையை வான்மதியை நோக்கி நீட்டினாள். "நீயும் வா சாமி, வீட்டுக்குப் போலாம்."

வான்மதி ஒரு அடி பின்னால் போனாள்.

"உன்ற பேரு என்னம்மா? அதையும் போட்டுரு," என்றார் சேர்மன், களைத்துப்போய். அவள் சொன்னாள். அவர் காதில் மறுபடி அவருடைய மருமகன் பேர்தான் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டார். பம்பு செட்டு முதலாளி தகட்டில் என்ன பொறிப்பது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

அவள் தன் இடத்தில் கிடந்த கிருத்திக் என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். தன் பேரை அடித்தால் அவன் பேராக மாறும். ஆனால் ஒன்றுமே அடிக்காவிட்டால், மாறுவதற்கு எதுவும் இல்லை. புரோகிராமில் பேர் எழுதுகிற மேற்கோள் குறிகளுக்கு நடுவில் வெற்றிடத்தை அப்படியே விட்டு, ஓட்டினாள். பித்தளைத் தகடும் வெறுமையாகவே வந்தது, அவளே அப்படிக் கேட்டாள்.

அன்றைக்கு இருட்டுவதற்குள் அவள் போன் அடித்தது. அந்தப் பக்கம் அம்மா. "போன்ல பேரு ஒண்ணும் வரல," என்றாள், மூச்சு வாங்க. "வெறும் நெம்பர்தான் இருக்குது. ஆனா பாத்ததும் கை தானா அழுத்திருச்சு. கண்ணு, சோறுண்டியா?" அவள் இல்லை என்றாள். அப்போதுதான் அழுதாள். அம்மா என்ன பேர் வைத்தோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள், வரவில்லை, கண்ணு போதும் என்றாள்.

அவளுக்குப் போதவில்லை. கோபமும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை. பரணீதரன் சார் தினமும் காலையில் வருகை எடுக்கும்போது தலை தூக்குகிறவர் இல்லை. மேலிருந்து கீழே கடகடவென்று பேர்களை வாசித்துக்கொண்டே போவார், பதில் வருகிற திசையைக்கூடப் பார்க்காமல் டிக் அடிப்பார். இப்போது வரிசையில் ஓர் இடம் வந்ததும் வாசிக்க அவருக்கு ஒன்றும் இல்லை, குரல் நிற்கும், வகுப்பும் நிற்கும். அவர் தலையைத் தூக்கி, யார் என்று தேடி, மூன்றாவது பெஞ்சில் அவள் முகத்தைக் கண்டுபிடித்துப் பார்த்தாக வேண்டும். அவள் உள்ளேன் ஐயா என்று சொல்வதில்லை. அவர் பார்த்து முடிக்கிறவரை அவள் கண்ணை எடுப்பதும் இல்லை.